சொட்டு விழும் இடம்

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

மருமகள் கொடுத்த புகாரில் நான் ஒட்டுக்கேட்டதாகவும் இருக்கிறதாம். மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்பவனுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ஈவ்ஸ்ட்ராப்பர். ஈவ்ஸ் என்றால் கூரை விளிம்பு, ட்ராப் என்றால் சொட்டு. கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் சுவரோரமாக நின்று, உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்பவன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியே தலை நரைத்தவன் நான். ஆனாலும் அந்த இடத்தில் நின்று பார்த்ததில்லை.

மாடியில் மகனும் மருமகளும் இருக்கும் அறைக்குச் சரிவான கூரை. அன்று மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. குடையோடு மொட்டைமாடியில் அதன் சுவரோரமாகப் போய் நின்றேன். சொன்னால் நம்புங்கள், ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று கேட்டது. பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

“தனி வீடு பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை கெளம்பிடலாம்,” என்றான் மகன்.

“மாமாகிட்ட யாரு சொல்றது?”

“நீயே சொல்லு. நான் வாயைத் தெறந்தா, இந்த வார்த்தை எங்க பொறந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சுடுவாரு. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குடைக்குள்ளேயே அழுதேன். இருப்பது ஒரே பிள்ளை சார்.

சனிக்கிழமை இருவரும் சாமான் கட்ட அட்டைப்பெட்டி வாங்கப் போனார்கள். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில் கொஞ்சம் வேலை பார்த்தேன். பார்வைக்கு நின்றது, அவ்வளவுதான். மறுநாள் ஒரு கையில் பெட்டியோடு இறங்கியவன் மறு கையைக் கம்பியில் வைத்தான்.

டாக்டர் தங்கமானவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பினாலும் திரும்பலாம் என்கிறார். தனி வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அவன் கட்டிலை இனி என் அறையிலேயே போடச் சொல்லியிருக்கிறேன், காற்று நன்றாக வரும். நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு சொல்லின் கதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் கூசியிருக்கும்.

கம்பியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மருமகள் சொல்வதுபோல் தள்ளிவிட்டேன் என்று எழுதாதீர்கள் சார். கையை நீட்டிக்கொண்டு பக்கத்துப் படியிலேயே நின்றிருந்தேன். கம்பி ஆடினால் என்னைப் பிடித்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன்.