மின்னிய கட்டி

மேட்டுப்பாளையம் ரோட்டில் போன டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஆராய்ச்சி மாணவி யாரிடமோ போனில் சொன்னாள்: "எலிக்குள்ள இருந்த கட்டி நேத்து பச்சையா மின்னுச்சுடி!"

அவள் பக்கத்தில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் திரும்பினார்.

"ஏங்கண்ணு, கட்டி எப்படி மின்னும்?"

"லேப்ல ஒரு மருந்து செய்யறோமுங்க்கா. ஊசியில ஏத்துனா கேன்சர் கட்டியில போய் ஒட்டிக்கும். எம்ஆர்ஐ ஸ்கேன்லயும் பளிச்சுனு தெரியும், ஆபரேசன்ல தனி லைட் அடிச்சா மின்னவும் செய்யும். டாக்டர் மிச்சம் வெக்காம எடுத்துப்போடலாமுங்க."

"எனக்கு மிச்சம் உட்டுப்போச்சு கண்ணு. ஸ்கேன்ல தெரிஞ்சது அறுக்கறப்ப கண்ணுக்குத் தெரியலியாம். மறுக்கா அறுக்கோணுங்கறாங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டு வரத்தான் போறேன்."

மாணவி போனைப் பைக்குள் வைத்தாள்.

"எங்க மருந்து மனுசங்களுக்கு வர இன்னும் பல வருசம் ஆகுமுங்க்கா. அதுக்குன்னு காத்திருக்காதீங்க. டாக்டர் சொல்றப்பவே எடுத்துப்போடுங்க."

அந்தப் பெண் ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும் எழுந்தார்.

"செரி கண்ணு, அறுத்துக்கறேன். நீ செய்யற மருந்து வர்றப்ப நானும் இருந்து பாக்கோணுமல்ல?"