கங்காணி பார்த்த கை

பேச்சியம்மா: "ஒத்தக் கையில கொழுந்து எடுக்க இது என்ன உங்கப்பன் தோட்டமா?" இதானே அன்னைக்கு மலையில நீங்க கத்துனது?

செல்லசாமி: கங்காணின்னா கத்தணும். பொண்டாட்டிய மட்டும் விட்டா மத்தவளுக சிரிப்பாளுக. நீ என்ன சொன்ன?

பேச்சியம்மா: எடது கை வரலன்னேன்.

செல்லசாமி: அது பேச்சா? வாயில கஞ்சிய வச்சுக்கிட்டு பேசுன மாதிரி... எனக்கு முன்பல்லு ரெண்டையும் புடுங்குனதுலருந்து என்னைய மாதிரி பேசிக் காட்டுறவதானே நீ. அன்னைக்கும் நக்கல்னுதான் நெனச்சேன்.

பேச்சியம்மா: பக்கத்து நிரையில கொழுந்தெடுத்த ராசம்மா விழுந்து விழுந்து சிரிச்சா.

செல்லசாமி: நானுந்தான் சிரிச்சேன்... அப்புறம் நீ சிரிச்ச. பாதி வாய்தான் சிரிச்சுது. என்னைய கேலி பண்றப்ப நீ கடைவாய்ப்பல்லு வரைக்கும் காட்டுறவளாச்சே.

பேச்சியம்மா: ஒடனே ரெண்டு கையையும் தூக்குன்னீங்க. பொலிஸ்காரன் மாதிரி.

செல்லசாமி: எடது கை விழுந்துருச்சு. புள்ளைகள விட்டுட்டு வர்ற பிள்ளைக்காம்பராவுல நடந்த கூட்டத்துல மருத்துவிச்சி அம்மா சொன்னாங்கல்ல... வாய் கோணுனா, கை விழுந்தா, பேச்சு கொழறுனா, மூணுல ஒண்ணுன்னாலும் நேரா ஆஸ்பத்திரின்னு.

பேச்சியம்மா: நீங்க பணிஸ் திங்கத்தானே அங்க வந்தீங்க.

செல்லசாமி: காது சும்மாதானே இருந்துச்சு.

பேச்சியம்மா: ராசம்மா பாவம், குடிக்கச் சாயத்தண்ணி கொண்டாந்தா. தட்டி விட்டுட்டீங்க.

செல்லசாமி: முழுங்க முடியாம தொண்டையில அடைச்சுக்குமாம். ஒருத்தி முனி அடிச்சிருச்சு, பூசாரிய கூப்பிடுங்கறா. இன்னொருத்தி படுக்க வை, தூங்கி எந்திரிச்சா சரியாயிடுங்கறா...

பேச்சியம்மா: ஒங்களுக்கு மேல உள்ள கண்டாக்கையா என்ன சொன்னாரு?

செல்லசாமி: தோட்டத்து மருந்துக்காரர்கிட்ட ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு வாங்கிட்டுப் போன்னாரு. துண்டு பொறவு வரட்டும்னேன். இருவத்தஞ்சு வருசத்துல மொத தடவையா அவர எதுத்துப் பேசுனேன். எனக்குப் பல்லு இல்லாததால அவருக்குப் பாதிதான் வெளங்குச்சு.

பேச்சியம்மா: அதுக்குன்னு கொழுந்து லொறியிலயா? சாக்கு மேல போட்டு... நோர்வூட் வளைவுல ரெண்டு தடவ உருண்டேன்.

செல்லசாமி: நிறுவைக்கு வந்து நின்னது அது ஒண்ணுதான். ஏறுன்னா ஏற வேண்டியதுதான். நேரத்தோட வந்ததாலதான் மருந்து போட முடிஞ்சுதுன்னு டொக்டர் சொன்னாரு. எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு மொதல்ல அதத்தான் கேட்டாரு. பத்து மணி நிறுவைக்குக் கொஞ்சம் முந்தின்னேன். அதுவரைக்கும் ஒன் கை ரெண்டும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

பேச்சியம்மா: நாப்பது பொம்பளைக எடுக்கிற மலையில, என் கை எப்ப நின்னுச்சுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

செல்லசாமி: ...கங்காணி எல்லார் கையையும் பாக்கணும்.

பேச்சியம்மா: அப்ப ராசம்மா கை எப்ப நின்னுச்சு?

செல்லசாமி: அது... பார்வை நேரம் முடியப் போவுது, கையக் குடு. விரல நீவி விடுறேன். இன்னும் மரக்கட்டையாத்தான் இருக்கா?

பேச்சியம்மா: ம்...

செல்லசாமி: சூடாவது தெரியுதா?

பேச்சியம்மா: பேசாம நீவுங்க.

செல்லசாமி: பத்து நாளா நீவுறேன். பக்கத்துக் கட்டில் அம்மா வேற என்னையப் பாத்து சிரிக்குது.

பேச்சியம்மா: இருவத்தஞ்சு வருசமா காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப பத்தடி முன்னால நடந்தீங்க. அப்ப யாரும் சிரிக்கல.

செல்லசாமி: கங்காணி முன்னாலதானே போகணும்... நாளைக்கு டொக்டரக் கேட்டுப் பாக்குறேன், கையில உணர்ச்சி எப்ப வரும்னு.

பேச்சியம்மா: கேக்காதீங்க.

செல்லசாமி: ஏன் புள்ள?

பேச்சியம்மா: அவருக்குத் தெரியும். செவ்வாக்கெழமையே வந்திருச்சு, அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். ஒங்ககிட்டதான் சொல்லல... சொன்னா விட்டுருவீங்க. விடாதீங்க. வீட்டுக்குப் போன பொறவும், லயத்துல எல்லாரும் பாத்தாலும்... இந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நடங்க.