பேதுருவுக்கு ஒரு சட்டி சூப்

அய்யாவு: திரும்பாதே வெள்ளையம்மா, திரும்பாதே. பன்னி இன்னும் சட்டிக்குள்ள போகல.

வெள்ளையம்மா: நான் எங்க திரும்பினேன்? ரம்புத்தான் மரத்தைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுல ஊருற எறும்பெல்லாம் எனக்குச் சொந்தமாயிருச்சு.

அய்யாவு: கழுத்து அசைஞ்சுதே.

வெள்ளையம்மா: கொசு... அடுப்பு பத்திக்கிச்சா?

அய்யாவு: பத்திக்கிச்சாவா? ரெங்கம் ஸ்டேஷன்ல நிக்கிற ரயில் எஞ்சின்கூட இப்படி எரியாது.

வெள்ளையம்மா: பொகைதான் வருது. மூணு கல்லையும் நெருக்கி வெச்சிருப்பீங்க. காத்துக்கு வழி விடுங்க.

அய்யாவு: முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு இதெல்லாம் எப்படித் தெரியுது உனக்கு?

வெள்ளையம்மா: உங்க இருமல் சொல்லுது.

அய்யாவு: வீட்டு அடுப்புல வெச்சிருந்தா இந்நேரம் எறக்கியிருக்கலாம். இப்படிக் கொல்லையில வந்து, திருடன் மாதிரி...

வெள்ளையம்மா: கையில காப்பு கட்டியிருக்கேன். தீமிதி முடியிற வரைக்கும் அந்த அடுப்புல ஒரு கருவாட்டு வால்கூட ஏறக் கூடாது. பன்னியைக் கெணத்துக்கு இந்தப் பக்கம் விட்டதே பெருசு. நான் தொடவும் மாட்டேன், பாக்கவும் மாட்டேன். வாயால சொல்றேன், கேட்டுச் செய்யுங்க. முடிஞ்சதும் அந்தச் சட்டியை ஒடச்சுக் குழியில போடணும்.

அய்யாவு: சரி, சரி. இப்ப எடுக்குறேன் பாரு... பாக்காதே, பேச்சுக்குச் சொன்னேன். முழ நீளத்துக்கு சோசேஜு. மலாயாவுல இதுவரைக்கும் எந்தத் தமிழனும் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல.

வெள்ளையம்மா: கறியைக் குடலுக்குள்ள எதை வெச்சு அடைச்சீங்க?

அய்யாவு: புனல் வெச்சு.

வெள்ளையம்மா: எந்தப் புனல்?

அய்யாவு: ...தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தது.

வெள்ளையம்மா: ஏங்க, அந்தப் புனலை வெச்சு நீங்க யார் யாருக்கு எங்கெங்க...

அய்யாவு: வாய் வழியா மருந்து ஊத்துற புனல்தான், மத்தது இல்ல. அதையும் வெந்நியில போட்டு எடுத்தேன். ரெண்டு முனையிலயும் தையல் போட்டிருக்கேன், என் கைத் தையல். ஆஸ்பத்திரியில டிரஸரா, காயத்துக்குக் கட்டுப் போடுற வேலையில இருந்த காலமெல்லாம் எத்தனை ஆளுக்குத் தச்சிருப்பேன்? ஒருத்தனாவது கத்தாம இருந்தானா? இந்தப் பன்னிதான் முனகவே இல்ல.

வெள்ளையம்மா: கெட்டிக்காரப் பன்னி. சட்டி காஞ்சதும் போடுங்க. எண்ணெ வேணாம், அதுலயே கொழுப்பு இருக்கும்.

அய்யாவு: சீனன் கடைச் சோசேஜை வாங்கியிருந்தா இந்தப் பாடே இல்ல.

வெள்ளையம்மா: அதைத்தான் வாங்கிட்டு வந்து காட்டினீங்களே.

அய்யாவு: அந்தப் பேதுருப் பய கடிச்சுப் பாத்துட்டு ‘மானிஸ், மானிஸ்’னு துப்பிட்டான். அதுல சீனி போட்டிருக்காங்க, இனிக்குதாம். எழுந்து உக்காரத் தெம்பு இல்ல, துப்புறதுக்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருதோ.

வெள்ளையம்மா: துப்பவாவது செஞ்சான். கஞ்சி குடுத்தேன், சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். ரசம் குடுத்தேன், கண்ணையே தொறக்கல. வாழைப்பழம், ரொட்டி... எல்லாத்துக்கும் அதே சுவருதான்.

அய்யாவு: காலு நல்லாக் கூடிருச்சு. சர்க்கஸ் ஊஞ்சல்ல இருந்து விழுந்த காலு அது. கூடாரத்து உச்சி என்ன ஒசரம் தெரியுமா? தென்னைமரத்து மேல தென்னைமரத்தை நட்டு, அதுக்கு மேல ஒரு பாக்குமரத்தை வெச்சா...

வெள்ளையம்மா: போன வாரம் ஒரு தென்னைமரம்தான் சொன்னீங்க.

அய்யாவு: எலும்பு எட்டுத் துண்டு. நான் சேத்துக் கட்டினேன். கோலாலம்பூர் டாக்டரே வந்து பாத்தாலும் எங்க ஒடஞ்சுதுன்னு கேப்பாரு.

வெள்ளையம்மா: காலு மட்டும் பொழச்சு என்னங்க பண்றது? குளுவாங் டாக்டர் அதைத்தானே சொல்லிட்டுப் போனாரு. சாப்பிட்டாப் பொழப்பான், இல்லாட்டி இந்த வாரம் தாங்க மாட்டான்னு.

அய்யாவு: சாப்பிட்டாப் பொழப்பான்னு சொல்றதுக்கு அவரு கப்பலேறிப் போயிப் படிச்சாரு. அலமாக், ஐயய்யோ... வெள்ளையம்மா, தையல் விட்டுப் போச்சு. வெடிக்குது, மூஞ்சில எல்லாம் தெறிக்குது.

வெள்ளையம்மா: தீயைக் கொறைங்க. வெடிச்சா வெடிக்கட்டும், அகப்பையால உதுத்து விட்டுருங்க. சூப்புக்கு உதிரியாத்தான் இருக்கணும்... ஏங்க, என்ன வாசம் இது? சோம்பா?

அய்யாவு: பூண்டு, மொளகு, சோம்பு.

வெள்ளையம்மா: வெள்ளைக்காரன் எங்கயாவது சோம்பு தின்பானா?

அய்யாவு: நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயி அவன் மூக்குக்கிட்ட ஒண்ணொண்ணாக் காட்டினேன். மல்லிக்கு மூஞ்சியைச் சுளிச்சான். வெந்தயத்துக்குப் பொணம் மாதிரி கெடந்தான். சோம்பைக் காட்டினதும் என் கையைப் புடிச்சுக்கிட்டான். விடவே மாட்டேங்குறான்.

வெள்ளையம்மா: ...ரொம்ப நேரமா?

அய்யாவு: ஒரு நாள் பூரா.

வெள்ளையம்மா: ஏங்க.

அய்யாவு: சரி, கொஞ்ச நேரம். அப்புறம்தான் அரகொற மலாய்ல சொல்ல ஆரம்பிச்சான். கெந்தாங்னான், கிழங்கு. சுசுன்னான், பாலு. பாபின்னான், பன்னி; சோசேஜு மாதிரி வெரலை வெரலை நீட்டிக் காட்டினான். அவங்க ஊருல, அம்மா வெக்கிற சூப்பாம். அந்தம்மா ஒரு சட்டி எறக்கினா ஏழு ஊரு ஆளுங்க கிண்ணத்தோட வந்து நிப்பாங்களாம்.

வெள்ளையம்மா: ஏழு ஊருன்னு அவன் சொன்னானா?

அய்யாவு: ஊருன்னு அவன் சொன்னான், ஏழுன்னு நான் சொன்னேன்.

வெள்ளையம்மா: கிழங்கைப் போடுங்க. தண்ணி முங்குற அளவுக்கு ஊத்துங்க. வேகட்டும்.

காளியம்மா: யாரு அங்க கொல்லையில? டிரஸர் ஐயாவா?

அய்யாவு: போச்சு.

வெள்ளையம்மா: வா காளியம்மா. வேலிக்கு அந்தப் பக்கமே நில்லு, முள்ளு கெடக்கு.

காளியம்மா: இல்ல... வாசம் எங்க லயத்து வீடு வரைக்கும் வருது. எங்கண்ணன் கோயில் தலைவரு, காப்பு கட்டின ஊருல எவன் வீட்டுல கறின்னு எட்டிப் பாத்துட்டு வரச் சொன்னாரு.

அய்யாவு: கறியா? எங்கம்மா கறி? மருந்து காய்ச்சுறேன்.

காளியம்மா: சோம்பு மணக்குதே.

அய்யாவு: வயித்து மருந்துல சோம்பு இல்லாம?

காளியம்மா: பூண்டு?

அய்யாவு: வாய்வுக்கு.

காளியம்மா: எனக்கும் வாய்வுதான் ஐயா. ஒரு கிண்ணம் ஊத்துங்களேன்.

அய்யாவு: உனக்கு வேற வாய்வு. இதைக் குடிச்சா மூணு நாளைக்கு எழுந்திரிக்க மாட்ட. போன மாசம் குடிச்ச ஒருத்தன் இன்னும் குளுவாங் ஆஸ்பத்திரியில கெடக்கான்.

காளியம்மா: நீங்க சொல்றதுல பாதியை ஆத்துல விடணும். வெள்ளையம்மா, நீ காப்பு கட்டினவ, பொய் சொல்ல மாட்ட. நீ சொல்லு, என்னது அது?

வெள்ளையம்மா: உள்ள கெடக்குற நோயாளிக்குத்தான் காய்ச்சுறாரு, காளியம்மா. அவன் பொழைக்கிறதுக்கு. நான் அடுப்புப் பக்கமே போகல, பாத்தியா, முதுகைக் காட்டித்தான் உக்காந்திருக்கேன்.

காளியம்மா: ...அந்தச் சர்க்கஸ்காரனுக்கா? இன்னும் வாயைத் தொறக்கலையா? பாவம்லா. அந்தக் கூட்டம்கூட ஜொகூர் பாருல கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு...

அய்யாவு: காளியம்மா, உன் ஆடு அங்க யாரு தோட்டத்துலயோ மேயுது.

காளியம்மா: எங்கிட்ட ஏது ஆடு?

அய்யாவு: அப்ப யாரு ஆடோ. ஓடு, ஓடு, கங்காணி பாத்தா அடிச்சுப்புடுவான்.

காளியம்மா: சரி, நான் போறேன். அண்ணன்கிட்ட மருந்துன்னே சொல்லிடுறேன். ஆனா ஐயா, அடுத்த தடவை மருந்து காய்ச்சுறப்போ காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக்கங்க.

அய்யாவு: ...போயிட்டாளா?

வெள்ளையம்மா: போயிட்டா. சர்க்கஸைப் பத்தி என்னமோ சொல்ல வந்தா.

அய்யாவு: ஆட்டைப் பத்தி.

வெள்ளையம்மா: ஆட்டைப் பத்திச் சொன்னது நீங்க.

அய்யாவு: சர்க்கஸுக்கு என்ன? அடுத்த வாரம் வர்றாங்க. அவனைக் கூட்டிட்டுப் போக யானையையே அனுப்புறாங்களாம். நெத்திப்பட்டம் கட்டி, மணி கட்டி... அவன்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

வெள்ளையம்மா: ம்.

அய்யாவு: என்ன ம்?

வெள்ளையம்மா: கிழங்கு வெந்துருச்சான்னு பாருங்க.

அய்யாவு: வெண்ணெ மாதிரி இருக்கு.

வெள்ளையம்மா: ரெண்டு மூணு கிழங்கை அதுலயே மசிச்சு விடுங்க, கொழகொழன்னு வரும். கீரையை அள்ளிப் போடுங்க... இப்ப சட்டியைத் தீயை விட்டு எறக்குங்க. எறக்கிட்டுத்தான் பால் ஊத்தணும், கொதியில ஊத்தினாத் திரிஞ்சுரும்.

அய்யாவு: இந்தச் சொம்புல இருக்குறதா? இது பால் இல்லையே, முழுக்க ஆடை.

வெள்ளையம்மா: மூணு நாளா எடுத்து வெச்சேன்.

அய்யாவு: இது கோயில் வெளக்குக்கு நெய் உருக்க வெச்சதில்ல? இதைக் கொண்டுபோயிப் பன்னிக்கு மேல...

வெள்ளையம்மா: ஊத்துங்க.

அய்யாவு: அம்மன் கோவிச்சுக்கிட்டா?

வெள்ளையம்மா: அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கிண்டுங்க.

அய்யாவு: எம் பொண்டாட்டி என் முட்டிவலி தீரத் தீ மிதிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். நடுவுல எதுவும் கெட்டுப் போச்சுன்னா அப்புறம் என் முட்டி...

வெள்ளையம்மா: உப்புப் போட்டீங்களா?

அய்யாவு: போட்டேன்.

வெள்ளையம்மா: ...அது என்ன சத்தம்?

அய்யாவு: எது?

வெள்ளையம்மா: உர்ர்னு.

அய்யாவு: சூடா இருக்கு, ஊதினேன்.

வெள்ளையம்மா: ஊதினா வெளிய போற சத்தம் வரும். இது உள்ள போற சத்தம். காப்பு கட்டின வீட்டுல நீங்களும் வாயில வெக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?

அய்யாவு: ஆத்தா சத்தியமா ஊதினேன்.

வெள்ளையம்மா: சரி. கிண்ணத்துல ஊத்திக்கிட்டுப் போங்க. ஜன்னலைத் தொறந்து வைங்க, நான் இங்கிருந்தே கேட்டுக்கிறேன். ஏங்க...

அய்யாவு: என்ன?

வெள்ளையம்மா: இன்னிக்கு மட்டும் கூட்டாம கொறைக்காமச் சொல்லுங்க. நடக்குறதை மட்டும்.

அய்யாவு: ...சரி.

வெள்ளையம்மா: போயிட்டீங்களா? கேக்குதா?

அய்யாவு: கேக்குது. பக்கத்துல உக்காந்துட்டேன்.

வெள்ளையம்மா: முழிச்சிருக்கானா?

அய்யாவு: கண்ணு மூடியிருக்கு. பேதுரு... பேதுரு... தூக்கி உக்கார வெக்கிறேன். ஒண்ணுமே கனமில்ல, வெள்ளையம்மா.

வெள்ளையம்மா: தலைக்குக் கையை முட்டுக் குடுங்க. கரண்டியை வாய்கிட்ட கொண்டு போங்க.

அய்யாவு: கொண்டு போறேன். தொறக்க மாட்டேங்குறான்.

வெள்ளையம்மா: மூக்குக்குக் காட்டுங்க. சோம்பைக் காட்டின மாதிரி.

அய்யாவு: காட்டுறேன்...

வெள்ளையம்மா: என்னங்க?

அய்யாவு: இரு.

வெள்ளையம்மா: என்னன்னு சொல்லுங்களேன்.

அய்யாவு: கண்ணைத் தொறந்துட்டான். கிண்ணத்தையே பாக்குறான். வாயைத் தொறந்தான். ஒரு வாய்.

வெள்ளையம்மா: முழுங்கினானா?

அய்யாவு: வாயிலயே வெச்சிருக்கான்...

வெள்ளையம்மா: துப்பிட்டானா?

அய்யாவு: முழுங்கிட்டான்.

வெள்ளையம்மா: நெசமா?

அய்யாவு: முழுங்கிட்டான். இன்னொண்ணு. அதையும் முழுங்கிட்டான். கரண்டியை அவனே புடுங்கிக்கிட்டான்... கை ஆடுது, சட்டையெல்லாம் ஊத்திக்கிறான், ஊத்தட்டும். என்னமோ சொல்றான்.

வெள்ளையம்மா: என்ன சொல்றான்?

அய்யாவு: ‘குராங் காராம்’கிறான்.

வெள்ளையம்மா: அப்படின்னா?

அய்யாவு: உப்புப் பத்தலையாம்.

வெள்ளையம்மா: உப்புப் பத்தலையாமா? கொறை சொல்றானா? ஏங்க, கொறை சொல்றானா?

அய்யாவு: மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே அள்ளி அள்ளிக் குடிக்கிறான், திருட்டுப் பய. நான் பாத்தப்போ உப்பெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு.

வெள்ளையம்மா: நீங்க ஊதினீங்க.

அய்யாவு: ...ஊதுறப்போ கொஞ்சம் உள்ள போயிருச்சு.

வெள்ளையம்மா: எவ்வளவு?

அய்யாவு: ரெண்டு அகப்பை. நல்லா இருந்துச்சு, வெள்ளையம்மா. கூட்டிச் சொல்லல.

வெள்ளையம்மா: இருக்கட்டும். இன்னிக்கு உங்களை அம்மனும் கேக்க மாட்டா, நானும் கேக்க மாட்டேன்.

அய்யாவு: என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுவுறியா?

வெள்ளையம்மா: பொகை.

அய்யாவு: அடுப்பை அப்பவே அணைச்சுட்டேனே.

வெள்ளையம்மா: அப்ப எறும்பு கடிச்சிருக்கும்.

அய்யாவு: வெள்ளையம்மா... காப்பு கட்டினவ பொய் சொல்லக் கூடாது. கேக்குறேன், நேரா சொல்லு. என் முட்டிக்காகத்தானே நீ தீ மிதிக்கப் போற?

வெள்ளையம்மா: ஊருக்கு அப்படிச் சொன்னது நீங்க, நான் இல்ல. உங்க முட்டிக்கு வெளக்கெண்ணெ போதும். சர்க்கஸ் அவனை விட்டுட்டு ஜாவாவுக்குக் கப்பலேறிருச்சுன்னு ஸ்டேஷன்ல கேட்டுட்டு வந்து, அவன்கிட்டயும் எங்கிட்டயும் யானை வருது, மணி கட்டி வருதுன்னு கதை சொன்னீங்களே... அன்னிக்கே காளியம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. இனிமே நம்மளை விட்டா அவனுக்கு யாரு இருக்காங்கன்னு, அவனுக்காக வேண்டிக்கிட்டுக் கட்டினதுங்க இந்தக் காப்பு. இந்தாங்க, ஜன்னல் வழியா உப்பு ஜாடியை வாங்கிக்கங்க. சூப்பு ஆறிடப் போகுது.