மினேகோவின் தோளில் விழுந்த வாள்

அரியணை போன்ற நாற்காலியில் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அவர்களே! வெட்டுக்கும் குத்துக்கும் விசிலடிக்கவென்றே ஒசாகாவிலிருந்து ரயிலேறி இந்தக் கியோத்தோ அரங்குக்கு வந்திருக்கும் வீரப் பெருமக்களே! மகனோடு வந்து மாட்டிக்கொண்ட தாய்மார்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் என் தோழி, நடிகை மினேகோ அவர்களே! அந்நாளில் படப்பிடிப்புகளில் இவருக்கு உடை உடுத்திவிட்ட ஹத்சுயேவின் வணக்கம்.

ரத்தம் சொட்டும் பழைய படங்களைக் கலை என்கிறீர்கள். கலையா? கதறக் கதறப் பெண்ணைத் துரத்துவது கலையா? துரத்தியதைத் தூக்கிவைத்துத் துதிப்பது ரசனையா?

உங்கள் சட்டைகளில் அச்சடித்திருக்கிறீர்களே ஒரு முகம், வாய் பிளந்து, விழி பிதுங்கி! அது நடிப்பல்ல, ஐயா! மூங்கில் வாள் மின்னவில்லையென்று இரும்பு வாளைக் கொடுக்கச் சொன்னார் இயக்குநர் குமாதானி. வீசியவன் கை வழுக்கியது. மினேகோவின் தோள் பிளந்தது.

"ஐயோ, நெசமாவே வெட்டிடுச்சு! நிறுத்துங்க!" என்று அலறினாள்.

"கேமராவ நிறுத்தாத! இப்பத்தான் இந்தப் பொண்ணுக்கு நடிக்கவே வருது!" என்றார் அந்த மகானுபாவர்.

அலறலை மட்டும் வைத்துக்கொண்டு அவள் வார்த்தையை அழித்தார்கள், மேளச் சத்தத்தை ஏற்றினார்கள், படத்தை வெளியிட்டார்கள். அதற்குத்தான் ஆண்டுதோறும் இங்கே ஆரவாரம்!

என்ன தம்பி, பின்வரிசையில்? "எங்களுக்குத் தெரியாதும்மா" என்கிறாயா? தெரியாதுதான். ஆனால் சற்றுமுன் வாசலில் இவரைச் சூழ்ந்துகொண்டு, "அந்த அலறல ஒருவாட்டி அலறுங்கம்மா, போன்ல பிடிச்சுக்கிறோம்" என்று கேட்டவர்கள் யார்? கிமோனோவின் கழுத்தை விலக்கித் தழும்பைக் காட்டினார் மினேகோ.

"தொட்டுப் பாருப்பா. மழை வந்தா இன்னிக்கும் வலிக்குது."

தொட்டீர்களா? திரையில் வெட்டு விழுந்தால் விசில்; தோளில் தழும்பைக் கண்டால் திகில்! ஒருவன் மட்டும், "மன்னிச்சிருங்கம்மா" என்று முனகினான்.

"மன்னிப்பு கெடக்கட்டும். மொதல்ல சட்டைய மாத்து. ஒன் தொப்பையில என் மூஞ்சி கோணலாத் தெரியுது!" என்றார் மினேகோ.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால், இந்தத் திரையிடலைத் தொடங்கிவைக்க என்னை அழைத்தீர்களே, தொடங்கிவைக்க மாட்டேன்! எதிர்க்கடையில் ஓதென் குழம்பு கொதிக்கிறது. முள்ளங்கியும் முட்டையும் வாங்கிச் சாப்பிட நாங்கள் இருவரும் போகிறோம். இவருடைய அலறல் போதும் என்பவர்கள் அமர்ந்திருங்கள். இவருடைய பேச்சு வேண்டும் என்பவர்கள் எழுந்து வாருங்கள்!

திட்டியதையும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.

வா மினேகோ, பசிக்குது.