எங்க வீட்டுக்கு மட்டும் கொழாய் வேணாம்

வேணாம் சார். வீடு வீடா கொழாய் போடுங்க, ரொம்ப சந்தோசம். எங்க வீட்டுக்கு மட்டும் வேணாம். கோவிச்சுக்காதீங்க, ஒக்காருங்க, டீ போடறேன். தண்ணி இருக்குது.

இந்த ஜோகுபாளையத்துல கொழாய் வேணாம்னு சொன்ன மொத ஆளு நானா? இருக்கட்டும் சார், எதுலயாச்சும் மொதல்ல வரணுமில்ல.

காரணமா? செவுரு ஊறிடும். சரி சரி, சிரிக்காதீங்க, அது இல்ல.

தெருக்கொழாயாண்ட வரிசையா கொடம் நிக்குது பாத்தீங்களா? கொடத்த வச்சுட்டுப் போயிட்டா எடம் நம்மளது, ஒருத்தரும் நகத்த மாட்டாங்க. எங்க பச்சக் கொடத்துக்கு முன்னாடி நிக்குதே செவப்பு, அது எம் பொண்ணு ஹெலனோடது. பின்னாடி சந்துல இருக்கிறா. ஆட்டோ ஓட்டுற சஞ்சய கட்டிக்கினா. நல்ல புள்ள சார். குடி கெடையாது, வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவும். அதான் எங்க வீட்ல பிரச்சின.

எங்க வீட்டுக்காரரு தியோடர், பீன்யா பேக்டரில லேத்து மிசின் ஓட்டறாரு. நாங்க ரெண்டு பேருமே மகளப் பாக்க அந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு பைபிள் மேல கை வச்சு சொல்லிட்டாரு. சொன்னா சொன்னதுதான், மனுசன் அப்பிடி. ஆனா கொழாயடியப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதனால அங்கதான் அவளப் பாத்துக்கினு இருக்கேன். அங்க போடற கூச்சல்ல யாரு யாருகிட்ட பேசினா யாருக்குத் தெரியுது?

ஆமா, தெருக்கொழாய மூடப் போறீங்க, தெரியும். மூடுங்க. அவளுக்கு மாசம் ஏறிக்கினே போவுது சார், இன்னும் எத்தன நாளு இடுப்புல கொடம் தூக்குவா? அவ வீட்டுக்கு மொதல்ல போட்டுடுங்க.

எனக்கா? அடடா, வேணாம்ன்றேன்ல. தெருக்கொழாயும் போச்சு, வீட்லயும் இல்ல, அப்போ தண்ணிக்கு எங்க போவேன்? கிட்ட இருக்கிறது மக வீடுதான? அவளப் பாக்கத்தான் போவக்கூடாதுன்னாரு, தண்ணி புடிக்கப் போவக்கூடாதுன்னு சொல்லலியே. ஒடம்பெல்லாம் கிரீஸோட வர்ற ஆளு, குளிக்காம சோத்துல கை வைக்க மாட்டாரு.

எனக்கும் முட்டி வலி சார். இல்லாட்டியும் வரவச்சுக்குவேன். என்னிக்காச்சும் ஒரு நாளு அவரே கொடத்தத் தூக்கிக்கினு அந்த வாசப்படி ஏறுவாரு. உள்ள கொழந்த இருக்கும்.

அதுக்கப்புறம் வாங்க சார், எங்க வீட்டுக்கும் கொழாய் போட்டுக்கலாம். டீல சக்கர போடலாமில்ல?