சிரிவன் அக்காவின் முதுகு

யோகா வகுப்பில் எனக்குப் பிடித்தது, கடைசியில் எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். பக்கத்துப் பாயில் சிரிவன் அக்கா மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். முயல்கிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நீங்கள் தக்ரோ ஆடியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். வலைக்கு இருபுறமும் நின்று காலால் ஆடும் ஆட்டம். எங்கள் அணியில் பந்தைக் கையால் எறிபவள் நான். வட்டத்துக்குள் நின்று, தலைக்கு மேல் காலைத் தூக்கி, அதை வலைக்கு அப்பால் உதைப்பவள் அக்கா. உதைப்பவள் எறிபவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. பந்து வர வேண்டிய இடத்தைக் கையால் காட்டிவிட்டு, அது அங்கே வரும் என்று நம்பிக் காலைத் தூக்குவாள். பள்ளி நாளிலிருந்து அந்தக் கைக்குத்தான் நான் எறிந்துவருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஓர் உதையின்போது அக்காவுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. யோகாவிலேயே சரியாகும் என்றார் மருத்துவர். குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தலாம். முன்னால் குனியக் கூடாது. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். மாலை வகுப்பில் நான்தான் ஜோடி என்பதால் ஆசிரியை ரட்சனி இதை என்னிடமும் தனியாகச் சொன்னார். அக்கா தேறிவந்தாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என்னிடம் சொன்னாள்:

"லெக், பாங்காக் டீம்ல கூப்பிட்டிருக்காங்கடி. அடுத்த மாசம் போய் உதைச்சுக் காட்டணும்."

"எறியறது யாரு?"

"அங்கேயே ஒருத்தி இருக்காளாம். மூஞ்சிய ஏன்டி புளி மாங்கா கடிச்ச மாதிரி வச்சுக்கற? நீயும் வந்து கைதட்டு. பஸ்ஸுக்கு நான் குடுக்கறேன்."

நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

மறுநாள் எல்லோரும் போனபின் சொன்னேன்: "இந்த விறைச்ச முதுகோட போனா அங்க சிரிப்பாங்க அக்கா. குனிஞ்சு பழகணும்."

"டாக்டர் வேணாம்னாரேடி."

"அவரு என்னிக்காவது தக்ரோ ஆடியிருக்காரா?"

அதற்கு வெகுநேரம் சிரித்தாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, தலையை முழங்காலுக்குக் கொண்டுபோனாள். அவள் மூச்சை விடும்போது நான் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஒவ்வொரு மாலையும் முந்தைய நாளைவிடச் சற்று அதிகமாக அழுத்தினேன்.

"கெண்டைக்கால் வரைக்கும் சுரீர்னு இறங்குதுடி."

"இறங்கட்டும் அக்கா. வலி வெளிய போகுதுன்னு அர்த்தம்."

அப்படி அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்தபோது தடவிக்கொடுத்தேன். கோபத்தில் எதையும் செய்யவில்லை. அந்தத் தேர்வுக்கு அவள் போகாமலிருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு மாலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உதைக்கிற பாதம் துணி மாதிரித் தொங்கியது. அறுவை முடிந்துவிட்டது. அந்தப் பாதம் இனி உயராது என்கிறார்கள்.

அக்காவுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. "லெக் தூக்கினா வலிக்காது, அவளைக் கூப்பிடுங்க" என்று நர்ஸிடம் சொல்கிறாள். குளியலறைக்கு நான்தான் தாங்கிக் கூட்டிப்போகிறேன். வேண்டுமானால் அவளையே கேளுங்கள், யார் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று.

பாதம் செத்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்திருந்தால், இன்னும் மெதுவாக அழுத்தியிருப்பேன்.