சனிக்கிழமை முடியட்டும்

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயி ஏழெட்டு வருசம் ஆயிருக்குமாம். அப்ப சேந்தன்விளைன்னு ஒரு ஊரு. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் உடைமரக் காடு. நடுவுல நாலு தெரு, ஒரு தபாலாபீசு, புதுசா வந்த ஹைஸ்கூலு. அந்த ஹைஸ்கூலுல ஒரு புட்பால் டீமு உண்டாச்சு. அது உண்டான கதைதான் இது. அதுக்கு மொத கேப்டன் எங்க அப்பாவுக்குப் பெரியப்பா. பேரு தவசிமுத்து. அவன் இவன்னு சொல்லுறேன்னு கோவிச்சுக்கிடாதீக. அப்ப அவன் பதினாறு வயசுப் பயதானே.

ஏசுவடியான்னு ஒரு டிரில் வாத்தியார் மாத்தலாகி வந்தாராம். கழுத்துல விசிலு, கக்கத்துல ஒரு தோல் பந்து. "கிரவுண்டு எங்க?"ன்னு கேட்டாராம். ஹெட்மாஸ்டர் உடைமரக் காட்டைக் கையைக் காட்டுனாராம். அன்னைக்கே வெட்ட ஆரம்பிச்சாக. பயலுவதான் வெட்டுனானுவ, பயலுவதான் வேரைப் பிடுங்குனானுவ. கையில குத்துன முள்ளைக் காலுல குத்துன முள்ளால எடுத்தானுவன்னு சொல்லுவாக. மூணு மாசத்துல உப்புப் பூத்த வெள்ளைத் தரை ஒண்ணு தெரிஞ்சுது. அதுதான் கிரவுண்டு.

மொத வருசம் வடக்கூர் பள்ளிக்கூடத்தோட ஆடப் போனாக. ஒம்போது கோலு வாங்கிட்டு வந்தாக. ரெண்டாவது வருசம் போனாக. ஆறு கோலு வாங்கிட்டு வந்தாக. வடக்கூர்ப் பயலுவளுக்குப் பூட்ஸ் உண்டு. நம்ம பயலுவ எல்லாம் வெறுங்காலு. ஊருல பொம்பளைங்க தண்ணிக்குப் போகும்போதுகூட, "இந்த வருசம் எத்தனைலே வாங்குனிய?"ன்னு கேப்பாகளாம். தவசிமுத்து தெருவைச் சுத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவானாம். அம்புட்டு வெக்கம்.

மூணாவது வருசம் கொம்பையா வந்தான். உப்பளத்துல வேலை செய்யுற முப்பிடாதியம்மாளுக்கு ஒரே மகன். அப்பன் இல்ல. ஆளு குட்டை, காலு கட்டை. ஆனா பந்து அவன் காலுக்கு வந்துட்டா வேற ஒருத்தன் காலுக்குப் போகாதாம். தவசிமுத்து பந்தை எடுத்துக் குடுப்பான், கொம்பையா கொண்டு போவான். தவசிமுத்து குடுப்பான், கொம்பையா கொண்டு போவான். அந்த வருசம் ஜெயிச்சாக, ஜெயிச்சாக, ஜெயிச்சுக்கிட்டே போயி, கடைசி ஆட்டத்துக்கு வந்துட்டாக. எதிர்த்து ஆடுறது யாரு? அதே வடக்கூரு. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம்.

அந்தத் திங்கக்கிழமை என்ன ஆச்சு? கிரவுண்டு ஓரத்துல ஒரு பள்ளம். அதை மண்ணள்ளி மூடிக்கிட்டிருந்தானுவ. மண்ணுக்குள்ள உப்பு வாருற பழைய பலகை ஒண்ணு கிடந்திருக்கு. துருப்பிடிச்ச ஆணியோட. கொம்பையா அதை மிதிச்சுட்டான். ஆணி உள்ளங்காலுல ஏறி உள்ளேயே முறிஞ்சுது. பக்கத்துல இருந்தது தவசிமுத்து ஒருத்தன்தான்.

"அண்ணே, டிரில் சார்ட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்துரட்டா?"ன்னான் கொம்பையா.

"சொன்னா சாரு உன்னை ஆட விடமாட்டாருலே. சனிக்கிழமை முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

தன் துண்டைக் கிழிச்சான், கட்டுனான், யாரும் கேட்டா சுளுக்குன்னு சொல்லச் சொன்னான். கட்டும்போது புண்ணைப் பாக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கட்டுனான். பார்த்தா, போலேன்னு சொல்லணும். அது அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை கொம்பையா வந்தான். "அண்ணே, காலு கடுக்கு."

"சனிக்கிழமை முடியட்டும்லே."

வெள்ளிக்கிழமை வந்தான். "அண்ணே, ராவெல்லாம் தூக்கமில்ல."

"நாளைக்குத்தானேலே. சனிக்கிழமை முடியட்டும்."

கொம்பையா தலையை ஆட்டுனான். அண்ணன் சொன்னா அவனுக்கு அதுக்கு மேல பேச்சில்ல.

சனிக்கிழமை. வடக்கூர் கிரவுண்டுல அத்தனை சனம். வடக்கூருக்கு ராயப்பன்னு ஒருத்தன், கோலுக்கு முன்னால நின்னு மறிக்குற ஆளு. மலை மாதிரி இருப்பான். ஆட்டம் முடியப் போற நேரம், கொம்பையா பந்தோட உள்ள போறான், ராயப்பன் குறுக்க வாரான். பூட்ஸ் காலு பந்து மேல விழல, கொம்பையாவோட கட்டுப் போட்ட காலு மேல விழுந்துது. எல்லாரும் பார்த்தாக. கொம்பையா விழுந்தான், எந்திரிச்சான், அந்தக் காலாலேயே அடிச்சான். கோலு!

அவ்வளவுதான். சேந்தன்விளை கூத்தாடுது. ஷீல்டை மாட்டு வண்டியில வச்சு, கொம்பையாவைத் தோளுல தூக்கி, மேளத்தோட கூட்டிட்டு வாராக. தோளு மேல இருந்துக்கிட்டே கொம்பையா குனிஞ்சு கேட்டானாம்.

"அண்ணே, சனிக்கிழமை முடிஞ்சுட்டு. நாளைக்குப் போவமா?"

தவசிமுத்து மேளச் சத்தத்துக்கு மேல கத்துனான். "நாளைக்கு ஊரே சோறு போடுது. நீ இல்லாமலா? திங்கக்கிழமை போவம்லே!"

பாருங்க. ஆட்டத்துக்காகன்னுகூடச் சொல்ல முடியாது. ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே. அந்தத் 'திங்கக்கிழமை'ங்குற சொல்லைத்தான் தவசிமுத்து பெரியவரான பொறவும் கடைசி வரைக்கும் மென்னுக்கிட்டே கிடந்தாராம்.

திங்கக்கிழமை காலையில கொம்பையாவுக்கு வாய் திறக்கல. கஞ்சியை வச்சுக்கிட்டு முப்பிடாதியம்மா உக்காந்திருக்கா, பல்லு கிட்டிக்கிட்டு நிக்குது. வண்டி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. டாக்டரு பார்த்துட்டு, "டெட்டனஸ், ரண ஜன்னி. எப்ப குத்துச்சு?"ன்னாரு.

"எனக்குத் தெரியலியே ஐயா"ன்னு அழுதா அவ.

"குத்துன அன்னைக்கே வந்திருந்தா பிழைக்க வச்சிருக்கலாம்."

கதவுக்கு வெளிய தவசிமுத்து நிக்கான். கேட்டுக்கிட்டே நிக்கான். கூட வந்த ஆளு ஒருத்தரு சொன்னாரு, "குத்தெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த வடக்கூரான் பூட்ஸ் காலால மிதிச்சானே, அதுதான் வெனை." எல்லாரும் தவசிமுத்துவைப் பார்த்தாக. கேப்டன்லா, அவனுக்குத் தெரியுமே! அவன் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

வியாழக்கிழமை கொம்பையா போயிட்டான்.

தவசிமுத்து உண்மையைச் சொல்லாததுல ராயப்பன் கொலகாரன் ஆனான். ராயப்பனோட அப்பன் சேந்தன்விளைச் சந்தைக்கு மீன் கொண்டாருவாரு. கூடையைத் தட்டி விட்டாக. "கொலகாரனைப் பெத்தவன் மீனு எங்களுக்கு வேண்டாம்"ன்னாக. மீனு தெருவுல கிடந்துது. மனுசன் ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு. தவசிமுத்து அதையும் பார்த்தான். பார்த்துட்டு வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சான், உள்ள இறங்கல. ஒரு வருசம் அப்படித்தானாம். கொம்பையாவோட ஆத்தா முகத்துல முழிச்சிரக் கூடாதுன்னு உப்பளத்துப் பாதையையே விட்டுட்டான். முன்னே கோலு வாங்குன வெக்கத்துக்குத் தெருவைச் சுத்துனவன், இப்ப இதுக்கும் சுத்துனான்.

மறு வருசம் வந்துது. இந்த வாட்டி ஆட்டம் சேந்தன்விளையில. வடக்கூர் டீமு வந்து இறங்குது. கூட்டத்துல ராயப்பன். ஆடவே மாட்டேன்னு கிடந்தவனை அவங்க வாத்தியார் இழுத்துட்டு வந்திருக்காரு. சனம் பார்த்துட்டு. "கொலகாரன்! கொலகாரன்!"

அப்ப கூட்டம் விலகுது. முப்பிடாதியம்மா வாரா. உப்பளத்துலருந்து அப்படியே வந்திருக்கா, முழங்காலு வரைக்கும் உப்புப் படிஞ்சு வெள்ளையா இருக்கு. நேரா ராயப்பன் முன்னால போயி நின்னா.

"எம்புள்ளைய எதுக்குலே மிதிச்ச?"

மலை மாதிரி இருந்த பய பொலபொலன்னு அழுதான். "யம்மா, நான் பந்தைத்தான் மிதிக்க வந்தேன். தெரியாம பட்டுட்டு. என்னை அடிங்க. எங்க அய்யாவை ஒண்ணும் செய்யச் சொல்லாதீங்க."

அதுக்கு மேல தவசிமுத்துக்கு நிக்க முடியல. எப்படி நடந்தான்னு அவனுக்கே தெரியாதாம். போயி நடுவுல நின்னான்.

"யம்மா, அவன் இல்ல. நான்."

சனம் கிட்ட நெருங்கி வந்துது, அவன் விடாமச் சொன்னான்.

"ஆட்டத்துக்கு அஞ்சு நாளைக்கு முன்னாலயே ஆணி குத்திட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு நாலு வாட்டி கேட்டான். நான்தான் போக விடல. டிரில் சார்ட்டயும் சொல்லல. டாக்டரு கேட்டப்பவும் நான் வெளியதான் நின்னேன். சொல்லல. மீனைத் தட்டி விட்டப்பவும் நின்னேன். சொல்லல."

ஏசுவடியான் வாத்தியார் அப்படியே தரையில உக்காந்துட்டாராம். அடி விழும்னு தவசிமுத்து கண்ணை மூடிக்கிட்டான். விழுந்தா நல்லதுன்னுகூட நெனச்சானாம். விழல. கண்ணைத் திறந்தா முப்பிடாதியம்மா அவனையே பார்த்துக்கிட்டு நிக்கா.

"துணி கட்டியிருந்தானே. யாரு கட்டுனா?"

"நான்தான் யம்மா."

"கட்டும்போது புண்ணைப் பார்த்தியா?"

"பாக்கல. பார்த்தா போகச் சொல்லணுமேன்னு பாக்கல."

முப்பிடாதியம்மா ராயப்பனைக் கையைக் காட்டுனா.

"இந்தப் பய காலைப் பாரு."

தவசிமுத்து மண்டி போட்டு உக்காந்தான். ராயப்பன் பூட்ஸைக் கழத்தி, ரெண்டு உள்ளங்காலையும் கையில ஏந்திப் பார்த்தான்.

"அவன் காலைப் பாரு. அந்தா நிக்கானே, அவன் காலையும் பாரு. இங்க ஆட வந்த எல்லாப் பய காலையும் பாரு. பார்த்துட்டு ஆடுங்க."

பார்த்தான். வடக்கூரான் காலு, சேந்தன்விளையான் காலு, ஒண்ணு விடாமப் பார்த்தான். சிறு முள்ளு இருந்தாலும் எடுத்தான். ஒரு பயலுக்குக் குதிகாலுல வெடிப்பு, அவனை வெளிய உக்காத்தி வச்சான். வெயிலு தாழ்ந்து போச்சு. பார்த்து முடிச்சதும் முப்பிடாதியம்மா திரும்பி உப்பளத்துக்கே நடந்து போயிட்டா. அன்னைக்கு ஆட்டத்துல யாரு ஜெயிச்சான்னு கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகமில்ல.

மறுநா சந்தைக்கு ராயப்பன் அப்பன் மீன்கூடை திரும்ப வந்துது. தவசிமுத்துதான் வடக்கூருக்குப் போயி, வண்டியில ஏத்த விடாமத் தன் தலையில சுமந்துட்டு வந்தான்னு சொல்லுவாக.

பிறகு அவரு படிச்சாரு, வேலைக்குப் போனாரு, கல்யாணம் பண்ணுனாரு, எல்லாம் ஆச்சு. பந்தைத் தொடல. வருசா வருசம் ஆட்டத்தன்னைக்கு வந்து கிரவுண்டு ஓரத்துல நிப்பாரு. எங்க அப்பா ஒரு வாட்டி கேட்டாராம், "பெரியப்பா, அந்தம்மாதான் அன்னைக்கே மன்னிச்சுட்டாகளே, இன்னும் என்ன?" அதுக்கு அவரு சொன்னாராம், "மன்னிச்சேன்னு அவ சொல்லலியேலே. பாருன்னுதானே சொன்னா."

சேந்தன்விளை ஹைஸ்கூலு கிரவுண்டுல எந்த ஊரு டீமு ஆட வந்தாலும் இன்னைக்கும் நீங்க பாக்கலாம். இப்ப எல்லாருக்கும் பூட்ஸ் உண்டு. இருந்தாலும் கழத்தியாகணும். நம்ம கேப்டன் மண்டி போட்டு, ரெண்டு டீமுப் பயலுவ காலையும் கையில ஏந்திப் பார்த்து முடிச்ச பிறகுதான் ரெஃப்ரி விசிலு ஊதணும். கால் பாக்குறதுன்னு அதுக்குப் பேரு. தெரியாத ஊருப் பயலுவ மொதல்ல சிரிப்பானுவ, கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கிடுவானுவ, பொறவு நீட்டுவானுவ. ஒருத்தன் காலை மட்டும் யாரும் பாக்க மாட்டாக. கேப்டன் காலை. அன்னைக்குத் தவசிமுத்து காலை யாரும் பாக்கல. அவரும் பாக்கச் சொல்லி நீட்டல.